கோடிட்ட இடங்களை நிரப்புக

நம் சங்க அலுவலகத்தில் மாதத்திற்கு இரண்டு மூன்று பேருக்காவது கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். பென்ஷன், பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிக் கட்டணச் சலுகை என்று ஏதாவது ஒன்று. கம்ப்யூட்டரில் பழைய கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சடித்துக் கொடுப்பதே வழக்கம். இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

காரணம், என் கை செய்த தவறு. சென்ற ஆண்டு நம் அன்பர் ஒருவர் காலமானார். ஹிந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத அவர் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் விண்ணப்பத்தை நான்தான் தயாரித்தேன். பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். பழைய கடிதத்துக்காரரின் பென்ஷன் ஆணை எண்ணை மாற்றவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்து சரியாவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. அதுவரை அந்த அம்மாள் கடன் வாங்கித்தான் குடும்பம் நடத்தினார்.

ரயில்வேயில் 35 ஆண்டுகள் பாதைப் பராமரிப்பில் இருந்த எனக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது. பாதை பழுதானால், ஓட்டுநருக்கும் கார்டுக்கும் ஸ்டேஷனில் டி/409 என்ற எச்சரிக்கைப் படிவம் கொடுப்பார்கள். எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, என்ன வேகம், என்ன காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் அதைச் சொல்லவும் டி/ஏ 409 என்று ஒரு படிவம் உண்டு. வெறுங்கையோடு அனுப்பினால், உண்மையிலேயே ஒன்றுமில்லையா, எழுத மறந்தார்களா என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்?

பழைய கடிதத்திற்கும் படிவத்திற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். படிவத்தில் நிரப்பாத இடம் கண்ணில் குத்தும். பழைய கடிதத்தில் மாற்றாத எண் சரியான எண்ணைப் போலவே உட்கார்ந்திருக்கும்.

படிவம் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் பின்னாலிருந்து மோதியது. உயிர்கள் பல போயின. பழுதான சிக்னல்களைத் தாண்டிச் செல்ல ஓட்டுநருக்குக் கொடுத்த அனுமதித் தாளில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்று குறிப்பிடப்படவில்லை என்பதை, மற்றக் குறைகளோடு, பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. எதற்கெல்லாம் இடம் விட வேண்டும் என்று முதலில் யோசித்தாக வேண்டும்.

நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இது. அடிக்கடி தேவைப்படும் நான்கைந்து கடிதங்களுக்கு மாதிரி தயாரிப்போம். ஆளுக்கு ஆள் மாறும் விவரங்களுக்குக் கோடு மட்டும் இருக்கட்டும். வேர்டில் அதை 'டெம்ப்ளேட்' வகையில் சேமித்தால், அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிய தாள்தான் திறக்கும், மூலம் கெடாது. நிரப்பிய பின் ஒருவர் அசல் சான்றைப் பார்த்து எண்களை உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்கட்டும். கையெழுத்திடுபவருக்கு விஷயம் புரிய, தமிழில் ஒரு பிரதியும் கூடவே கொடுப்போம்.

எல்லாவற்றுக்கும் அச்சு வார்த்தால் சங்கம் சர்க்கார் ஆபீஸ் ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். இரங்கல் கடிதத்திற்கு மாதிரி வேண்டாம். அதைக் கையாலேயே எழுதுவோம். பென்ஷன் எண்ணை மட்டும் என்னைப் போன்றவர்களின் ஞாபக சக்தியை நம்பி விடவேண்டாம்.