கம்பளத்தின் நிறங்கள்

பாரசீகத்திலும் துருக்கியிலும் கையால் நெய்யப்படும் கம்பளங்களை விற்போர், அவற்றின் நிறங்களுக்கென ஓர் அகராதியே வைத்திருக்கின்றனர். சிவப்பு மகிழ்ச்சியைக் குறிக்கும், நீலம் தனிமையைக் குறிக்கும் என்று விரல் மடக்கிக் கூறுவர். வாங்குவோரும் அதனை அவ்வாறே நம்பிச் செல்வர். இவ்வகராதி முழுதும் நம்பத்தக்கதன்று. பச்சை இசுலாமியர் போற்றும் நிறமாதலின், அதனைக் காலடியில் விரிக்கும் பொருளில் இடார் என்பர். ஆனால், துருக்கியின் பழைய தொழுகை விரிப்புகள் சிலவற்றின் நடுப்பரப்பே பச்சையாக உள்ளது. நெற்றி படியும் இடத்தில் அந்நிறம் அமைந்தது இழிவோ, சிறப்போ?

நிறத்தின் பொருளை அகராதியில் தேடுவதினும் சாயப்பானையில் தேடுவதே முறை. நம் நாட்டு மஞ்சிட்டிக்கு இனமான ஒரு செடியின் வேரை உலர்த்தி இடித்து, படிக்காரம் ஊட்டிய கம்பளி நூலை அதனொடு காய்ச்சினால் செந்நிறம் பிறக்கும். அவுரிச் சாயத்தில் தோய்ந்த நூலோ, வெளியே எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாய் இருந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். நாடோடி மக்கள் நூலைச் சிறிது சிறிதாகவே சாயமிடுவர். நீர் மாறினும் வேர் மாறினும் நிறம் மாறும். ஆதலால் ஒரே செம்பரப்பில் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளிறியும் பட்டை பட்டையாகத் தோன்றும். இதனை ‘அப்ராஷ்’ என்பர். இதனைக் குறையெனக் காட்டி விலையைக் குறைப்பாரும் உளர். முதன்முறை காய்ச்சிய நூல் தீர்ந்து, மறுமுறை காய்ச்சிய நூல் தொடங்கிய இடம் அது. கைவேலைக்கு அதனினும் நல்ல சான்று வேறு யாது? இக்காலத்தில் பொறியால் நெய்யும் விரிப்புகளிலும் இப்பட்டைகளை வேண்டுமென்றே அமைக்கின்றனர். குறையாயின் அதற்குப் போலி எதற்கு?

அல்தாய் மலைப் பகுதியில் பனி உறைந்த கல்லறையொன்றிலிருந்து 1949-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட பாசிரிக் கம்பளம், ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முற்பட்டது. அதன் செம்மை இன்றும் மங்கி மறையவில்லை.

1856-ஆம் ஆண்டில் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். பின்னர் அத்தகைய சாயங்கள் மலிவாகக் கிடைத்தன. வறிய நெசவாளர் அவற்றை நாடியதைப் பழித்தல் தகாது. ஆயினும், தொடக்ககாலச் சாயங்கள் பல வெயிலில் வெளுத்தன, நீரில் கசிந்தன. அவற்றைக் காட்டிலும் பெரிய இழப்பு, தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட சாயமுறைகள் பல ஊர்களில் மறைந்தமையாகும். ஹரால்டு போமர் என்னும் செருமானிய வேதியியலார் பழைய கம்பளங்களின் நூலை ஆராய்ந்து, எந்நிறம் எச்செடியால் ஆயது எனத் தெளிந்தார். 1981-ஆம் ஆண்டில் துருக்கியில் தொடங்கிய தோபாக் என்னும் திட்டத்தின் வழியே அம்முறை சிற்றூர்களுக்குத் திரும்பியது. பாட்டிமார் அறிந்திருந்ததைப் பேரப்பிள்ளைகள் அயல்நாட்டார் ஒருவரிடம் கற்றனர். வேர்ச்சாயம் மீண்டும் பானைகளில் கொதிக்கலாயிற்று.