தள்ளுவண்டிக்கு இடமுண்டு

“நடக்க முடியாதவர்களுக்குக் கப்பல் எதற்கு?”

சென்ற மாதம் ஒரு விருந்தில் நண்பரொருவர் இப்படிக் கேட்டார். கேட்டவர் கொடியவரல்லர். படித்தவர், பண்பாளர், கோவில் திருப்பணி என்றால் கேட்பதற்கு முன்பே காசோலை எழுதுகிறவர். பேச்சு, உல்லாசக் கப்பல்களில் மொபிலிட்டி ஸ்கூட்டர்களை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. “நடைவழியில் நிறுத்தக்கூடாது என்பது விதி. அறைக்குள் நுழையவில்லையென்றால் அது கொண்டுவந்தவர் பாடு. விதி விதிதானே?” என்று தீர்ப்புரைத்துவிட்டு அவர் பாயசத்துக்குப் போய்விட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. விருந்து மேசைக்கு ஏற்ற நீளத்தில் என்னிடம் பதில் இல்லை. இங்கே சொல்கிறேன்.

‘ஸ்கூட்டர்’ என்றதும் நம் மனத்தில் எழுவது பஜாஜ் சேத்தக்கும், அதன் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து செல்லும் பெண்மணியும்தான். நான் பேசுவது வேறு. மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, முன்னால் கைப்பிடித் தண்டு, இருக்கைக்கு அடியில் பேட்டரி. பத்தடி நடக்கலாம், நூறடி நடக்கவியலாது என்ற நிலையிலிருக்கும் மூட்டு நோயாளிகளுக்கும் நரம்பு நோயாளிகளுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் அதுவே கால். ‘நடைவண்டி’ என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டோம். நடை பழகுகிறவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, நடையை இழக்கிறவர்களுக்கு இல்லை. ஆகவே ஸ்கூட்டர் என்றே எழுதுகிறேன்.

2019-இல் டெக்சாசின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குச் சென்று திரும்பும் ஐந்து நாள் பயணமொன்றில் நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். எங்களுக்கு எதிரறையில் எழுபதைக் கடந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை. துணைக்கு வந்தவர் அவருடைய தங்கை, அவரும் முதியவரே. ஸ்கூட்டரின் அகலம் 24 அங்குலம். அறைக் கதவின் திறப்பு 22 அங்குலத்துக்குச் சற்று மேல். (முதல்நாள் மாலை ஊழியர் ஒருவர் அளவுநாடாவுடன் வந்து இரண்டையும் அளந்தார், நான் அருகில் நின்றிருந்தேன்.) நடைவழியில் நிறுத்த அனுமதியில்லை. எனவே இரவுகளில் வண்டி கீழ்த்தளத்தில் எங்கோ ஓரிடத்துக்குப் போகும். காலையில் தொலைபேசியில் சொன்னால் கொண்டுவருவார்கள் என்று ஏற்பாடாயிற்று.

இரண்டாம் நாள் அவர் 7 மணிக்கு அழைத்தார். வண்டி வந்து சேர்ந்தது 9.40-க்கு. காலையுணவுக்குப் போகும்போது திறந்திருந்த கதவினூடே அவரைக் கண்டேன். கட்டிலின் விளிம்பில், உடுத்தி முடித்து, தலையில் வெயிற்தொப்பியும் மடியில் கைப்பையுமாக அமர்ந்திருந்தார். நாங்கள் உண்டு திரும்பியபோதும் அதே விளிம்பில் அதே தொப்பியோடு அமர்ந்திருந்தார். “பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் இருக்கிறது” என்று சிரித்தார். குறைகூறும் எண்ணமே அந்தச் சிரிப்பில் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. நாம் செலுத்திய அதே கட்டணத்தைச் செலுத்திய ஒருவர், தம் கால்களை யாரேனும் கொண்டுவந்து தருவதற்காக இரண்டரை மணிநேரம் காத்திருப்பதை இயல்பென்று ஏற்கப் பழகியிருந்தார்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நடைவழியில் ஸ்கூட்டர் நிற்கலாகாது என்ற விதியோடு எனக்குச் சண்டையில்லை. அந்த விதி பிணங்களின்மேல் எழுதப்பட்டது. 1990 ஏப்ரல் 7 அதிகாலையில், ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்ஹாவனுக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்கேண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிக் கப்பலில் தீப்பற்றியது. 159 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது தழலன்று, புகை. சுவர்த் தகடுகள் எரிந்து நச்சு கக்க, நடைவழிகளில் திசை தெரியாமல் விழுந்தவர்கள் உண்டு, அறையைவிட்டே வெளியேறாமல் மாண்டவர்கள் உண்டு. அத்தகைய இருளில் தவழ்ந்து வரும் மனிதனுக்கு முன்னால் ஐம்பது அறுபது கிலோ இரும்பு வழியை மறித்து நிற்கக்கூடாது. தீ நேரத்தில் மின்தூக்கிகளையும் பயன்படுத்தக்கூடாது என்பதால் அந்த வண்டியால் அதன் உடைமையாளருக்கே அப்போது பயனில்லை. ‘ஓர் இரவுதானே’ என்று அறைவாசலில் விட்டுவிட்டு உறங்கப் போகும் பயணிகளுக்காக நான் வாதாட வரவில்லை.

என் சண்டை, விதியை நன்கறிந்தவர்கள் அதை அறியாதவர்கள்போல் கப்பல் கட்டுவதோடுதான்.

உல்லாசக் கப்பலில் பயணித்த எவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். காலையில் நடைவழி நெடுகத் தள்ளுவண்டிகள் நிற்கும். படுக்கை விரிப்புகள், துவாலைகள், சோப்புகள், அழுக்குத் துணி மூட்டைகள். அறைகளைத் துப்புரவு செய்யும் ஊழியர்களின் வண்டிகள் அவை. மதியம்வரை நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்துதான் நாம் கடந்து செல்ல வேண்டும். ஊழியர் அருகிலேயே இருக்கிறார், வேண்டும்போது நகர்த்திவிடுவார் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். நியாயமான சமாதானம்தான், ஏற்கிறேன். ஆனால் வேலை முடிந்ததும் அந்த வண்டிகள் எங்கே போகின்றன? அந்தந்தத் தளத்திலேயே, நடைவழியின் நடுவே அல்லது முனையில், அவற்றுக்கென்று கட்டப்பட்ட சிற்றறைக்குள். வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு கதவு, அவ்வளவே. எண் மட்டும் இராது. வரைபடம் தீட்டும்போதே கப்பற்சிற்பிக்குத் தெரியும்: இந்தத் தளத்தில் இத்தனை வண்டிகள் இரவில் ஒதுங்க வேண்டும், நடைவழியில் நிற்கலாகாது, ஆகவே அறை வேண்டும். துவாலைகளுக்காக இவ்வளவு முன்யோசனை. அதே தளத்தில் நாலைந்து பயணிகளேனும் சக்கரங்களோடு வருவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். முதியோர் பெருமளவில் விரும்பும் பயணம் இது என்பதை நிறுவனங்களின் விளம்பரப் படங்களே காட்டிக்கொடுக்கும். அவர்களுக்கான சிற்றறை மட்டும் வரைபடத்தில் விழவில்லை.

ஏன் விழவில்லை? கட்டாயம் இல்லை, அதனால் விழவில்லை. 1912-இல் டைட்டானிக் மூழ்கியது. 1914-இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை பிறந்தது. இன்று நடப்பிலிருப்பது அதன் 1974-ஆம் ஆண்டு வடிவமும் பின்வந்த திருத்தங்களும். அது கட்டுப்படுத்தும் சட்டம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றவாறு பயணிக் கப்பல்களை வடிவமைப்பது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1996-இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது வெறும் பரிந்துரை. பரிந்துரையை மீறியதற்காக எந்தக் கப்பலும் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்படுவதில்லை. அமெரிக்காவின் அணுகல் வாரியம் பயணிக் கப்பல்களுக்கான அளவுகளை வரைந்து 2013 ஜூனில் கருத்துக் கேட்புக்கு விட்டது. இறுதி விதியாக அது வெளிவரவே இல்லை.

இதற்கிடையே நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் ஹூஸ்டனிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் சென்ற மாற்றுத்திறனாளிகள் சிலர் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு, ‘ஸ்பெக்டர் வழக்கு’ என்ற பெயரில் 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. கப்பல்கள் பஹாமாஸ் கொடியின்கீழ்ப் பதிவானவை; நிறுவனம் பெர்முடாவில் பதிவானது; அதன் தலைமையகமோ மயாமி. எங்கள் கப்பல் அயல்நாட்டுக் கொடி பறப்பது, உங்கள் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் எங்களைத் தீண்டாது என்பதே அவர்கள் வாதம். அமெரிக்கக் கடற்பரப்பில் அச்சட்டம் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு அதோடு ஓர் எல்லையையும் வரைந்தது: ஒரு தடையை நீக்குவதால் சோலாஸ் போன்ற சர்வதேசக் கடப்பாடு மீறப்படுமென்றால் அந்த மாற்றத்தைக் கோர முடியாது. எல்லை நியாயமானதே. ஆனால் ஸ்கூட்டருக்கென ஒரு சிற்றறை கட்டினால் சோலாஸின் எந்த வரி மீறப்படும்? நடைவழியிலிருந்து வண்டியை அகற்றும் அறை அந்த உடன்படிக்கையின் நோக்கத்துக்குத் துணை நிற்பதன்றோ? பாதுகாப்பு என்ற சொல்லைக் கேடயமாக ஏந்துகிறவர்கள் இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

இடமில்லை என்பார்கள். 2024 சனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் இருபது தளங்கள், ஏழு நீச்சற்குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள், ஒரு பனிச்சறுக்குத் திடல். வெப்பமண்டலக் கடலின்மேல் பனிக்கட்டி உறைய வைத்து ஆட்டம் காட்டுகிற தொழில்நுட்பம், தளத்துக்கு ஒரு சிற்றறைக்கான இடம் ஒதுக்கத் திணறுகிறது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

சிறிய ஸ்கூட்டராக வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டுமே என்பது அடுத்த வாதம். எடுக்கலாம்; கப்பலறைக்கே கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் உண்டு. ஒல்லியான வண்டி எல்லா உடலையும் தாங்காது என்பதை விடுவோம். நாலைந்து துண்டுகளாகக் கழற்றக்கூடிய வகைகளிலும் அதிகக் கனமுள்ள துண்டு பதின்மூன்று, பதினான்கு கிலோவைத் தொடும். அதைக் குனிந்து தூக்குவது யார், எழுபது வயதுத் தங்கையா? சரி, எப்படியோ உள்ளே கொண்டுபோயாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண அறை என்பது ஒரு கட்டில், ஓர் அலமாரி, அவற்றுக்கிடையே ஓர் ஆள் நடக்கும் சந்து. வண்டி அந்தச் சந்தில்தான் நிற்கும், அதாவது கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே. நடைவழியில் ஆயிரம் பேருக்குக் கூடாதென்று நாம் ஒப்புக்கொண்ட அதே இடையூறு, இப்போது நடக்கவியலாத ஒரே ஒருவரின் தப்பிக்கும் வழியில். இதற்குப் பெயர் பாதுகாப்பு விதியாம். பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டுமே என்றால், அறையிலுள்ள மின்செருகி பெரும்பாலும் மேசையருகே இருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரோ பல கப்பல்களில் தீ அபாயம் கருதித் தடை.

அகன்ற கதவுள்ள அறைகளும் உண்டு, மறுக்கவில்லை. கதவுத் திறப்பு 32 அங்குலமாவது இருக்கும், குளியலறையும் பெரிது. ஆனால் எத்தனை? 2015-இல் கார்னிவல் நிறுவனத்தோடு அமெரிக்க நீதித்துறை செய்துகொண்ட உடன்பாடு பெரும் வெற்றியென்று பேசப்பட்டது. அது கோரிய அளவே நூற்றுக்கு மூன்று அறைகள். அந்த மூன்றும் உரியவர்களைச் சேர்கின்றனவா?

இங்குதான் என் விருந்து நண்பருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்திலிருந்து திரும்பியவர் பெருமையோடு சொன்ன கதை நினைவிருக்கிறது. “முன்பதிவு செய்யும்போது மாற்றுத்திறனாளி அறையைக் கேட்டு வாங்கினேன். அதே விலை, இரண்டு மடங்கு குளியலறை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” அவர் குடும்பத்தில் நால்வரும் நன்றாக நடப்பவர்கள். 2010-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த விதியின்படி, அத்தகைய அறையைக் கேட்பவரிடம் தேவை உண்மையா என்று கப்பல் நிறுவனம் கேட்டாக வேண்டும். கேட்டிருக்கிறார்கள். இவர் ஆமென்று குறியிட்டிருக்கிறார். விதி விதிதானே என்று பாயசத்துக்குப் போன மனிதர் இவர்தான். நான் அன்று அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கரையில் இறங்குவதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கிரேக்கத்தின் சாண்டோரினி போன்ற இடங்களில் பெருங்கப்பல் கரையைவிட்டுத் தள்ளி நிற்க, சிறுபடகுகளில்தான் கரைசேர வேண்டும். ஸ்கூட்டர்களை அவற்றில் ஏற்றுவது அரிது. அலையும் படகும் மனிதர் வகுத்ததல்ல, அங்கே நான் யாரோடும் வழக்காட மாட்டேன். கதவின் அகலம் அப்படியல்ல. அதை யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து தீர்மானித்தார்.

கேட்பது இதுதான். ஒவ்வொரு பயணியர் தளத்திலும் மின்தூக்கிக்கு அருகே, தீ தாங்கும் கதவும் புகை உணர்கருவியும் மின்செருகிகளும் கொண்ட ஒரு சிற்றறை. திறவுகோல் பயணியிடமே இருக்க வேண்டும். தொலைபேசியில் கெஞ்சும் நிலை கூடாது. அறையிலிருந்து அதுவரையுள்ள தூரத்துக்கு ஊழியர் துணை. இதைச் சோலாஸின் கட்டாய விதிகளுக்குள் எழுத வேண்டும், இன்னொரு சுற்றறிக்கையாக அன்று. பழைய கப்பல்களில் தளத்துக்கு ஒரு துணியறையை இதற்கென மாற்றித் தரலாம்; ஆண்டுக்கணக்கில் உலர்துறையில் நிறுத்த வேண்டிய வேலையன்று அது.

அதுவரை, பெற்றோரை ஊரிலிருந்து அழைத்துவந்து கப்பலில் கூட்டிப் போகும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன் அறைக் கதவின் திறப்பு எத்தனை அங்குலம் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கூட்டரின் அகலத்தைக் கைப்பிடி முதல் சக்கரம்வரை நீங்களே அளந்து பாருங்கள். விற்பவரின் தாளை நம்பாதீர்கள். மின்செருகி எங்கே இருக்கிறது, இரவில் வண்டி எங்கே நிற்கும், காலையில் யார், எத்தனை மணிக்குக் கொண்டுவருவார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். அந்த ஆசிரியை முன்பதிவின்போது கேட்டிருக்கிறார். “பிரச்சினை இராது” என்று பதில் வந்திருக்கிறது. அந்த மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டு, மடியிலிருந்த அந்தக் கைப்பையில் வைத்திருந்தார்.