பிள்ளைகள் கற்க வேண்டிய கணக்கு

பணயம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, கடன் தொல்லையால் சீர்குலைந்த குடும்பங்களைப் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் ஆறுதல் அடைந்தார்கள், அது நியாயமே. ஆயினும், பிள்ளைகள் கபடமின்றி ஆடும் சாதாரணக் கைப்பேசி விளையாட்டுக்குள்ளேயே சூதின் ருசி பழக்கமாகிவிடக்கூடும் என்பதை நாம் கவனிக்கத் தவறலாகாது.

இவ்விளையாட்டுகள் பலவற்றில் ‘லூட் பாக்ஸ்’ என்றொரு மர்மப் பெட்டி உண்டு. உள்ளே இருப்பது அற்பப் பொருளா, அபூர்வமான ஆயுதமா என்று அறியாமலே அதைக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். அந்தக் காசும் முன்னதாகவே ‘டைமண்ட்’ ஆகவோ ‘காயின்’ ஆகவோ உருமாறிவிடுவதால், செலவானது எத்தனை ரூபாய் என்பது பிள்ளையின் புத்திக்கு எட்டுவதில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு ஜீவன்களை ஓயாமல் முயலச் செய்யும் என்பதை உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு பரிசோதித்துக் காட்டினார். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையமோ இத்தகைய பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018இல் நிர்ணயித்தது.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதால் ஆசை தணியாது, ஒளிவுமறைவுதான் வளரும். ஒரு பகடையை எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் உட்காருவதே உத்தமம். ஆறு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழுந்தே தீரும் என்று பிள்ளை சாதிக்கும். ஆறு உருட்டலை ஓர் ஆட்டமாகக் கொண்டு, உருட்டி உருட்டி நோட்டில் குறித்து வந்தால், ஏறக்குறைய மூன்று ஆட்டத்தில் ஓர் ஆட்டம் ஆறே விழாமல் முடிவதைத் தன் கண்ணாலேயே காணும். பிறகு பெட்டியின் கணக்குக்கு வரலாம். ஒவ்வொரு தடவையும் நூற்றில் ஒன்று என்றே வாய்ப்பு இருக்குமாயின், ஆளுக்கு நூறு பெட்டி திறக்கும் நூறு பேரில் சுமார் 37 பேர் அப்பரிசைப் பெறாமலே போவார்கள்.

இதே பயிற்சி பெற்றோருக்கும் அவசியம். கிரிக்கெட் பந்தயத்தில் நண்பர்களோடு பணம் கட்டும் தந்தை மகனுக்குச் செய்யும் உபதேசம் பலிக்காது. சூதைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், தோல்வியைக் காட்டிலும் வெற்றியையே முதலில் அஞ்சச் சொன்னதன் சூட்சுமத்தை வீட்டில் எல்லோருமாகச் சிந்திக்க வேண்டும்.

நம் பள்ளிகளில் நிகழ்தகவு ஏற்கெனவே பாடமாக உள்ளது. நாணயத்தையும் பகடையையும் கொண்டு கணக்குப் போடும் ஆசிரியர்கள் இந்த மர்மப் பெட்டியையும் கரும்பலகைக்குக் கொண்டுவர வேண்டும். பெற்றோர் கூட்டத்திலும் ஒரு நாள் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். தன் ஆசையை வைத்துப் பிறர் போடும் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது எளிதன்று.