கம்பைலருக்கும் ஒரு வேலி வேண்டும்!



ஆண்டு மலரில் கவிதையும் சிரிப்புத் துணுக்கும் வரும். நடுவில் ஒரு டெக்னிக்கல் கட்டுரை வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பது தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. நாளைக்கு ஓசூர் சிப்காட்டிலோ, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலோ வேலை தேடப் போகிற நமக்கு இது சோற்றுக்கு வழி சொல்கிற விஷயம்.

விஷயத்தின் பெயர் மெமரி பாரியர். தமிழில் நினைவக வேலி என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலி கம்பைலரின் இடைநிலை மொழிக்குள்ளே தெளிவாக எழுதப்பட்டு, கடைசிப் படி வரைக்கும் காப்பாற்றப்பட வேண்டும். அதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் டிப்ளமோ மாணவனுக்கும் வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த கருத்து.

வேலி எதுக்கு? நம்ம ஊர் மாங்கூழ் ஆலையை நினைச்சுக்கோங்க. முதலில் டின்களை லாரியில் ஏற்றணும், அப்புறம்தான் 'லோடு ரெடி' சீட்டை கேட்டில் கொடுக்கணும். லோடு ஏற்றுகிறவர், "ரெண்டும் தனித்தனி வேலைதானே, கேட்டு கிட்டத்தில் இருக்கு, சீட்டை முதல்ல கொடுத்துடலாம்" என்று நினைத்தால்? அவர் கணக்குப்படி இரண்டு வேலையும் முடிந்துவிடும். ஆனால் சீட்டைப் பார்த்த டிரைவர் பாதி லோடோடு வண்டியை எடுத்து பர்கூர் தாண்டியிருப்பார்!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். ஒரு கோர், சென்சார் கொடுத்த அளவை நினைவகத்தில் எழுதுகிறது. பிறகு 'ரெடி' என்ற கொடியை 1 ஆக்குகிறது. இன்னொரு கோர் கொடியைப் பார்த்துவிட்டு அளவை எடுக்கிறது. இரண்டு எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றினால் கம்பைலர் வரிசையை மாற்றலாம். வேகத்துக்காக அதற்கு அந்த உரிமை உண்டு. கம்பைலர் சும்மா இருந்தாலும் பிராசசர் மாற்றலாம். நம் மேசை மேல் இருக்கும் எக்ஸ்86 பி.சி., சாதாரண எழுத்துக்களின் வரிசையை மற்ற கோர்களுக்கு மாற்றிக் காட்டாது. செல்போனில் இருக்கும் ஆர்ம் பிராசசருக்கும், ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. லேபில் ஓடிய புரோகிராம் ஃபீல்டில் போய் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியப் பெண் என்பது நமக்குப் பெருமை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1987-இல் பி.டெக். முடித்த சரிதா அட்வே, அமெரிக்காவின் விஸ்கான்சினில் மார்க் ஹில்லுடன் சேர்ந்து 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சாரம் ஓர் ஒப்பந்தம்: எங்கெங்கே ஒருவருக்கொருவர் காத்திருக்க வேண்டும் என்பதை புரோகிராமர் சரியாகக் குறித்துக் கொடுத்துவிட்டால், எல்லாம் எழுதிய வரிசையில் நடந்தது போலவே மெஷின் காட்டும். குறிக்காத இடத்தில் அது தன் இஷ்டத்துக்கு வேகமாக ஓடலாம். ஜாவாவும், பின்னர் 2011-இல் சி, சி++ மொழிகளும் இந்த வழியில்தான் விதி வகுத்தன.

ஆனால் புரோகிராமர் குறித்துக் கொடுத்தால் மட்டும் போதுமா? சி மொழியிலிருந்து மெஷின் மொழிக்குப் போகிற வழியில் கம்பைலர் பல படிகள் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் வரிகளை நகர்த்தும், வெட்டும், சேர்க்கும். ஒரு படியில் குறிப்பு தொலைந்தாலும் ஒப்பந்தம் முறிந்துவிடும்.

எல்.எல்.வி.எம். கம்பைலரின் வரலாறே இதற்கு நல்ல பாடம். 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கியது அது. அதன் இடைநிலை மொழியில் பழைய வேலிக்கு ஐந்து சுவிட்சுகள் இருந்தன. படிப்புக்கும் படிப்புக்கும், படிப்புக்கும் எழுத்துக்கும், எழுத்துக்கும் படிப்புக்கும், எழுத்துக்கும் எழுத்துக்கும் என நான்கு. வெளிச் சாதனத்துக்கு ஒன்று. இது மெஷின் பேசுகிற பாஷை. 2011-இல் அதை எடுத்துவிட்டு, 'ஃபென்ஸ்' என்ற தனிக் கட்டளையைக் கொண்டுவந்தார்கள். அதோடு, ஒவ்வொரு படிப்பிலும் எழுத்திலுமே 'அக்வயர்', 'ரிலீஸ்' என்று ஒட்டுகிற முறையும் வந்தது. 'ரிலீஸ்' என்றால், "இதற்கு முன்னால் உள்ள வேலையெல்லாம் முடிந்த பிறகே இந்த எழுத்து". அக்வயர் என்றால், "இந்தப் படிப்பு முடிந்த பிறகே மற்றவை". கேட் சீட்டின் மேலேயே 'லோடு முடிந்த பின்' என்று முத்திரை குத்துவது மாதிரி.

இரண்டில் எது நல்லது? பின்னதுதான் என்று அடித்துச் சொல்வேன். எந்த எழுத்துக்காக இந்த வேலி என்பது அதில் தெரிகிறது. அதனால் கம்பைலர் தேவைக்கு மேல் தடுக்காது. நட்ட நடுவில் தனியாக நிற்கும் வேலி, சம்பந்தமில்லாத வண்டிகளையும் சேர்த்து நிறுத்திவிடும்.

இன்னொரு நுட்பம் இருக்கு, கவனிங்க. ஒரே ரிலீஸ் ஃபென்ஸ், ரிஸ்க்-ஃபைவில் ஒரு நிஜமான கட்டளையாக இறங்கும். எக்ஸ்86-இல் ஒரு பைட் கூட இறங்காது, ஏனென்றால் ஹார்ட்வேரே அந்த ஒழுங்கைக் காக்கிறது. "கட்டளையே இல்லையே, அப்ப தூக்கிடலாம்" என்று கீழ்நிலை மொழியிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கடுத்த படியில் கம்பைலரே வரிகளை மாற்றிவிடும்! அதனால்தான் அங்கே எடை இல்லாத ஒரு போலிக் கட்டளையாக அதைக் கடைசி வரை நிறுத்தி வைக்கிறார்கள். வேலி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காவல் உண்டு.

"வோலட்டைல் போட்டால் போதும்ப்பா" என்று சொல்கிற அண்ணன்மார் நிறைய. போதாது! வோலட்டைல், தான் ஒட்டிய மாறியைக் கம்பைலர் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் சாதாரண மாறி அதைத் தாண்டிப் போவதைத் தடுக்காது. பிராசசருக்கும் எதுவும் சொல்லாது. நடுவில் ஒரு பிரின்ட்எஃப் வைத்தால் கோளாறு மறைகிற அதிசயமும் இப்படித்தான். உள்ளே என்ன நடக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாத அழைப்பு என்பதால் அது வரிசையைக் கலைக்கப் பயப்படும். ஓட்டத்தின் நேரமும் மாறிவிடும். பிரின்ட்எஃப்பை எடுத்தால் பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறும்.

"நாம என்ன கம்பைலரா எழுதப் போறோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர், போச்சம்பள்ளி பக்கம் 2021-இல் வந்த ஓலா ஆலை. மின் வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருப்பது சாஃப்ட்வேர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசசர் 2018-இலேயே லினக்ஸை ஓட்டிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகை, மேலே சொன்ன தளர்ந்த வரிசைக்கு இடம் கொடுக்கும் வகை. வண்டி நம் மண்ணில் தயாராகிறது, சிப் நம் மாநிலத்தில் பிறக்கிறது. நாம் மட்டும் ஸ்பேனரோடும் டோக்கனோடும் லைனில் நின்றால் போதுமா? கோளாறு வரும்போது, "சார், வேலி இந்த இடத்தில் விழவில்லை" என்று காட்டத் தெரிந்தவனை ஆபரேட்டர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஜி.சி.சி.யும் எல்.எல்.வி.எம்.மும் இலவசம். பேரவைத் தோழர்களுக்கு என் கோரிக்கை ஒன்றே: மாதம் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து வையுங்கள். பத்து வரி சி புரோகிராமை எழுதி, அதன் இடைநிலை மொழியையும் அசெம்பிளியையும் அச்சடித்து, வேலி எங்கே விழுந்தது என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவோம். முதலில் பி.சி.க்கு, அடுத்து ஆர்முக்கு, அப்புறம் ரிஸ்க்-ஃபைவுக்கு. மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி பாடம் புரிந்துவிடும். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

முதல் சனிக்கிழமைக்கு சிவப்புப் பேனா நான் கொண்டு வருகிறேன். நீங்க வாங்க!