பறவைக்கும் ஒரு நாள்காட்டி உண்டு

வேலைக்குப் போய் நான்கு காசு சேர்த்த பிள்ளைகள் சிலர், அப்பா அம்மாவை ஒருமுறையாவது ஆப்பிரிக்கா சஃபாரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தேதி குறிக்கும்போது பள்ளி விடுமுறையைப் பார்க்கிறார்கள், டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள். விலங்குகள் அந்த மாதத்தில் எங்கே இருக்கும் என்று பார்ப்பதில்லை.

தொலைக்காட்சியில் நாம் வாய்பிளந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. வில்டபீஸ்ட் எனும் மான் இனத்து விலங்குகள் முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றில் கூட்டங்கூட்டமாகப் பாயும். இது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் நடக்கும். டிசம்பர் விடுமுறையில் கென்யாவின் மாசாய் மாராவில் போய் இறங்கினால் சிங்கமும் யானையும் இருக்கும். அந்தப் பெருங்கூட்டம் இருக்காது. மழையையும் இளம்புல்லையும் தேடி அது தான்சானியாவின் தெற்கு செரெங்கெட்டிப் பக்கம் போயிருக்கும். பிப்ரவரியை ஒட்டி அங்கேதான் கன்று ஈனும். பல ஆயிரம் ரிங்கிட் செலவழித்துவிட்டு, "எல்லாம் போய்விட்டது" என்று வழிகாட்டி சொல்லக் கேட்பது வருத்தமான விஷயம்.

டிசம்பர் மட்டும்தான் உங்களுக்கு ஒத்துவரும் என்றால், நம் பேராக்கிலேயே ஒரு பெரும் வலசை அந்த மாதத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஈப்போவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் மேரா வரை போய், அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் குவாலா கூலா. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் கிராமம் அது.

சைபீரியாவிலும் வட சீனாவிலும் குளிர் தொடங்கும்போது, அங்கே குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. உள்ளான் வகைகள், சிவந்த கால்கொண்டவை, வளைந்த நீண்ட அலகு கொண்டவை என்று பலவகை. ரஷ்யாவின் வடகோடியிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் இந்த வான்வழியில் நம் மேற்குக் கரையும் ஒரு தங்குமிடம். இந்த வழியில் பறக்கும் மூக்கன் இனத்துப் பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி அதைப் பதிவு செய்தது.

குவாலா கூலாவுக்குப் போக மாதக் கணக்கு இதுதான். செப்டம்பரில் கூட்டம் சேரத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் பறவை நிறைய உண்டு, ஆனால் நம் பக்கம் மழையும் அதிகம். தீபாவளி விடுமுறையில் போகிறவர்கள் குடையோடு போகவேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழையும் மெல்லக் குறையும். மார்ச், ஏப்ரலில் எண்ணிக்கை குறைந்தாலும் ஒரு அழகு உண்டு. ஊர் திரும்பும் முன் பல பறவைகளின் சாம்பல் இறகு செந்நிறமாக மாறும். மே முதல் ஜூலை வரை வலசைப் பறவைகளை எதிர்பார்த்துப் போகவேண்டாம். அப்போதும் கொக்கும் நாரையும் இருக்கும். கும்பாபிஷேகத்தில் நாம் அண்ணாந்து தேடும் கருடனும் வட்டமிடும்.

மாதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மணியும் சரியாக இருக்கவேண்டும். கடல் வற்றும்போது சேற்றுநிலம் வெகுதூரம் விரியும். பறவைகள் அதன் விளிம்பில் புள்ளிகளாகத் தெரியும். படகும் கிட்டே போகாது. நீர் ஏற ஏற, இரை தேடும் பறவைகள் கரையை நோக்கி நகர்ந்து வரும். நீர் முழுவதும் ஏறிவிட்டால் சேறே இருக்காது, பறவைகள் வேறிடம் போய் ஒதுங்கிவிடும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் நமக்கான நேரம்.

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே பாதி உதவி செய்யும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றும் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிச் சுருங்கும். மீதிப் பாதிக்குப் படகோட்டியைக் கேளுங்கள். "எவ்வளவு?" என்பதற்கு முன், "அன்றைக்கு ஆயர் பாசாங் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஏற்ற நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போனவர் சொன்ன மணி உங்களுக்கு உதவாது.

பருவம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்தால் பால் குறையும், சம்பளமும் குறையும் என்று சுங்கை சிப்புட், கம்பார் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். குவாலா கூலா இருக்கும் கிரியான் வட்டாரமே ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களின் பூமி. மலாயில் கூலா என்றால் சர்க்கரை. ரப்பர் வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். பிள்ளைகளோடு போகும்போது அதையும் சொல்லுங்கள்.

அதே இலையுதிர் காலத்தில் இன்னொரு வலசையும் உண்டு. போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு, சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தையொட்டி அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்திவருகிறது. இங்கே கடல் ஏற்றம் முக்கியமில்லை, வெயில்தான் முக்கியம். சூடான காற்றில் ஏறி மிதக்கும் பறவைகள் அவை. அதனால் காலை ஆறு மணிக்கே போய் நிற்கவேண்டியதில்லை. பதினொரு மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை வானத்தைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். கூட்டமாக எழுந்து பறந்தால் படம் நன்றாக வரும் என்று படகைக் கிட்டே விடச் சொல்லாதீர்கள், கைதட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கவேண்டிய பறவை, அந்தச் சேற்றில் தின்று சேர்க்கும் கொழுப்பை நம்பித்தான் கிளம்புகிறது. நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கரைகிறது. வழியில் அவை இறங்கி இளைப்பாறும் மஞ்சள் கடலோரத்தில் ஏற்கெனவே நிறையச் சேற்றுநிலம் மண் கொட்டி மூடப்பட்டுவிட்டது. எஞ்சியவற்றில் சிலவற்றைக் காக்கத்தான் 2019இல் சீனக் கடற்கரையும் 2021இல் கொரியக் கடற்கரையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மாசாய் மாராவுக்குப் பணம் சேருங்கள், ஆகஸ்டு மாதத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுங்கள். இந்த டிசம்பருக்கு ஒரு தொலைநோக்கி, தொப்பி, பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு, படகில் ஏறும் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தால் போதும். புறப்படும் முன் அன்றைய ஏற்ற நேரத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.