பாலிசி முடிந்தது, ஆதார் நகல் முடியவில்லை

பெரிய தனியார் மருத்துவமனை எதுவானாலும் எதிர்ச்சாரியில் ஒரு செராக்ஸ் கடை இருக்கும். வேர்த்து விறுவிறுக்க வருபவரைப் பார்த்ததுமே “இன்சூரன்ஸுக்கா?” என்று கேட்டபடி கடைக்காரர் ஆதார் அட்டையை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்துவிடுவார். இரண்டு நகல், இரண்டிலும் கையெழுத்து. ஒன்று மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு. அங்கிருந்து ஸ்கேன் ஆகி டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனத்துக்கு, அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு. பாலிசி எடுத்த அன்றே முகவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய படம் தனிக்கணக்கு. ஒரு கேஷ்லெஸ் சிகிச்சை முடிவதற்குள் அந்தப் பன்னிரண்டு இலக்கங்கள் எத்தனை மேசைகளைக் கடந்தன என்று யாராலும் சொல்ல முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டேன். பிறகு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன்: உறவு முடிந்துவிட்டது, என் ஆதார் நகலையும் பான் நகலையும் உங்கள் பதிவுகளிலிருந்து நீக்கிவிடுங்கள். கோரிக்கை பதிவாகிவிட்டது என்று ஓர் எண்ணோடு பதில் வந்தது. அடுத்து வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. என் பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லி, புதிய திட்டம் ஒன்றை விளக்க ஐந்து நிமிடம் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் சட்டத்தைப் புரட்டியபோது, நான் கேட்டதே தவறான கேள்வியோ என்று தோன்றியது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, நாம் சம்மதித்துக் கொடுத்த தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பகுதிகளுக்கோ பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. அதன் பிறகும், வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அழிக்க வேண்டியதில்லை. அந்த வேறொரு சட்டம் கையருகிலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மருத்துவக் காப்பீடு உட்பட எல்லாப் புதிய பாலிசிகளுக்கும் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பணமோசடித் தடுப்புச் சட்டமோ, வாடிக்கையாளர் உறவு முடிந்த பிறகும் ஐந்தாண்டுகள் அடையாள ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. டெங்குக் காய்ச்சலுக்குப் படுத்தவரின் ஆவணத்துக்கும் கறுப்புப் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் காப்பீடும் நிதிச் சேவைதான்.

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வது நமக்கே ஆபத்து என்பது இன்னொரு பக்கம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், ஐந்தாண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் க்ளெய்மைப் பழைய நோயை மறைத்ததாகச் சொல்லி (மோசடி நிரூபணமானால் ஒழிய) மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, வேறு நிறுவனத்துக்கு மாறும்போது கூடவே வரும் சலுகைகள் எல்லாமே பழைய பதிவுகளின் மேல் நிற்பவை. நிறுவனத்தின் ஞாபகசக்தி நமக்கும் வேண்டும். அந்த ஞாபகத்துக்கு ஆதார் எண் எதற்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவின் பகுதியை ரத்து செய்தது. அடுத்த ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம், ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, வாடிக்கையாளரே விரும்பித் தந்தாலும் முதல் எட்டு இலக்கங்களை மறைத்தே வாங்க வேண்டும் என்றது. மின்னணுச் சரிபார்ப்பு தேவைப்படாத இடத்தில் எண்ணை மறைக்கச் சொல்வது பணமோசடித் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. ஆவணத்தை ஐந்தாண்டு வைத்திருங்கள், ஆனால் எண்ணைக் கறுப்படித்து வைத்திருங்கள் என்பதே இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள். சட்டியில் இல்லாதது அகப்பையில் வராது.

அகப்பையில் வந்தால் என்ன ஆகும் என்பதை 2024 செப்டம்பரில் பார்த்தோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவுகள் டெலிகிராமில் சாட்பாட் வழியாகக் கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவுகள் என்று கேட்டவருக்குக் கேட்டபடி வந்தன. தன்னிடம் 3.1 கோடிப் பேரின் தரவு இருப்பதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. கசிந்தது நோயும் எண்ணும் ஒரே கோப்பில் கிடந்த தரவு என்பதுதான் இதில் கசப்பானது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், ஆதார் எண்ணை மாற்ற வழியில்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தை நம்மைவிட முன்பே, நம்மைவிட அதிக விலை கொடுத்துப் படித்தது. 2015இல் ஆந்தம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சுமார் 7.88 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் களவுபோயின. அவர்களில் பலர் எப்போதோ பாலிசியை விட்டு விலகிய பழைய வாடிக்கையாளர்கள். அங்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவைத் திருத்தக் கேட்கும் உரிமையை மத்தியச் சட்டம் தருகிறதே தவிர, அழிக்கக் கேட்கும் உரிமையைத் தரவில்லை. ஆனால் வேறொன்று செய்தார்கள். மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் திட்டத்தின் அட்டையில் பல பத்தாண்டுகளாகச் சமூகப் பாதுகாப்பு எண்ணே, கடைசியில் ஓர் எழுத்து ஒட்டி, உறுப்பினர் எண்ணாக அச்சாகி வந்தது. பர்ஸ் தொலைந்தால் எல்லாமே போச்சு. 2015இல் வந்த ஒரு சட்டம் அதை நீக்க நான்காண்டு கெடு வைத்தது. 2018 ஏப்ரலில் தொடங்கிச் சுமார் 6 கோடிப் பேருக்குப் புதிய அட்டை போனது. அதில் எந்தப் பொருளும் இல்லாத, குலுக்கிப் போட்டாற்போன்ற பதினோரு இலக்க எழுத்துக் கலவை. 2020 பிறந்ததும் பழைய எண் செல்லாக்காசானது. எந்தப் பதிவையும் அழிக்காமல், மருத்துவமனைக்கும் காப்பீட்டுக்கும் நடுவே ஓடும் காகிதத்திலிருந்து மட்டும் ஆபத்தான எண்ணை வெளியே எடுத்துவிட்டார்கள்.

நம்மிடமும் அதற்கான கருவி இருக்கிறது. ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைத் தனிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, மற்ற இடங்களில் ஒரு குறியீட்டை மட்டும் புழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017இலேயே உத்தரவிட்டது. பெட்டகம் இருந்தாலும் முகவரின் கைப்பேசியிலும் டெஸ்க்கின் கோப்பிலும் கிடக்கும் நகலை அது என்ன செய்யும்? அழிக்கும் உரிமை நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடாமல் இடைத்தரகர்வரை போக வேண்டும் என்று ஒழுங்காற்று ஆணையம் கட்டாயப்படுத்தலாம். செய்யுமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

காரணம், தவறுக்கான விலை யாருக்குப் போகிறது என்பது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அந்தத் தொகை போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. தரவை இழந்தவருக்கு இழப்பீடு தர வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இதே சட்டம் நீக்குகிறது. ஆந்தம் வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்காடி 11.5 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டார்கள். இங்கே தன் எச்ஐவி பரிசோதனை முடிவு டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்தவர், அரசு அபராதம் வசூலித்துவிட்டது என்று ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

2022 மே மாதக் கடைசியில், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் அறிவுறுத்தியது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கும் வசதி மட்டும் இன்றும் இருக்கிறது. அண்மையில் உறவினர் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கப் போனபோது அதைத்தான் அச்சிட்டு எடுத்துப் போனேன். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்பரே தெரியலையே சார்... எதிர்ல செராக்ஸ் கடை இருக்கு, முழுசாத் தெரியற மாதிரி ஒரு காப்பி எடுத்துட்டு வந்துடுங்களேன்.”