உயர்த்திய ஜீப்பும் பஞ்சாக இறங்கும் பெடலும்

கேள்வி: பழைய ஜீப்பை உயர்த்திக் கட்டியிருக்கிறோம். பிரேக் பெடல் பஞ்சு போல இறங்குகிறது. புதுப் பைப் போட்டும் சரியாகவில்லை. வீட்டிலேயே ஏர் எடுப்பது எப்படி?
– வாசகர், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: இந்த வாசகர் நெல்லும் வேர்க்கடலையும் போடுபவர். கைமாறி வந்த பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். உர மூட்டை, பால் கேன், நடவுக்கு வரும் பெண்கள், காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என எல்லாம் அதில்தான். மழைக்காலத்தில் வரப்போரச் சேற்றில் அடிப்பக்கம் தட்டுகிறது என்று ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே நீளமான ஷேக்கிள் மாட்டி, பெரிய டயரும் போட்டு, சுமார் மூன்று அங்குலம் உயர்த்தியிருக்கிறார். டயர் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்குப் பெரிய டயர் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மாலை ஏரிப் பக்கமிருந்து இறங்கும்போது, முன்னால் சிப்காட்டுக்குப் போன கன்டெய்னர் லாரி வேகம் குறைத்திருக்கிறது. இவர் மிதித்த பெடல் தரையோடு போய்விட்டது. கைபிரேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த மகனுக்கு நெற்றியில் மூன்று தையல். அதன் பிறகு ஒரு மெக்கானிக், பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பில் ஒழுகிய இடத்தை மட்டும் அறுத்து, செம்புக் குழாயால் ஒட்டுப் போட்டு, ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

ஏர் எடுக்கும் முறையைத்தான் வாசகர் கேட்கிறார். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை விட்டுவிட்டு ஏர் மட்டும் எடுத்தால், அடுத்த மண்மேடு சரியான இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் ரப்பர் ஹோஸ். வண்டியின் சேசிஸ் ஒரு இடத்தில் நிற்கும். அச்சு பள்ளம் மேட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும். இரண்டையும் இணைப்பது இந்த ஹோஸ்தான். முன்பக்கம் சக்கரத்துக்கு ஒன்று, பின்பக்கம் பெரும்பாலும் அச்சின் நடுவில் ஒன்று. கம்பெனி வைத்த நீளம் கம்பெனி வைத்த உயரத்துக்கு மட்டுமே கணக்கு. மூன்று அங்குலம் உயர்த்தினால் சேசிஸ் மேலே போகிறது, அச்சு கீழேயே இருக்கிறது, ஹோஸ் விறைத்து நிற்கிறது. சமதரையில் இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கித் தொங்கும்போதுதான் ஹோஸ் முழுதாக இழுபடும். மேல் ரப்பர் நன்றாக இருக்க, உள்ளே நூல் பின்னல் விட்டுப்போகும். சில நேரம் ஹோஸோடு இணைந்த இரும்புப் பைப்பே வளைந்து, நட்டுப் பக்கத்தில் கீறல் விடும்.

அளவு பார்க்க, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சேசிஸை ஜாக்கியில் தூக்க வேண்டும். சக்கரம் தானாகத் தொங்கும் வரை தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ கொடுத்த பிறகுதான் கீழே கையை நீட்ட வேண்டும். உயர்த்திய வண்டிக்கு எடைமையம் மேலே இருப்பதால் வெறும் ஜாக்கியில் சுலபமாகச் சாயும். சக்கரம் தொங்கிய நிலையில் ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி என இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தால், ஹோஸ் அப்போதும் கொஞ்சம் தளர்ந்தே இருக்க வேண்டும். டயரிலும் ஸ்பிரிங்கிலும் உரசக் கூடாது. இழுத்தால் அதே நூல் உள்ள நீளமான பிரேக் ஹோஸ் வாங்குவதுதான் வழி. நட்டின் நூலும் முனையின் அமைப்பும் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பார்த்து வாங்க வேண்டும். மருந்தடிக்கும் ஹோஸை வெட்டிக் கிளிப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. விசைத்தெளிப்பானில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ அழுத்தம். பிரேக்கை ஓங்கி மிதித்தால் 70 கிலோவைத் தாண்டும்.

அடுத்தது இரும்புப் பைப். விவசாய வண்டியில் இது மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் போவதற்குக் காரணம் உர மூட்டை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டும் சளைத்ததல்ல. தரைத்தகட்டின் இடுக்கு வழியாக இறங்கி, பைப்பைச் சேசிஸோடு பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் ஈரத்தோடு உட்கார்ந்துவிடும். அதனால் பைப்பின் நடுப்பகுதி பளபளப்பாக இருந்தாலும் கிளிப்புக்கு அடியில் செல்லரித்திருக்கும். உரம் ஏற்றிய நாளிலேயே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதற்குச் செலவே கிடையாது.

ஒரு இடத்தில் துருவில் ஓட்டை விழுந்தால், மற்ற இடங்களும் அதே வயது, அதே துரு. அந்தத் துண்டை மட்டும் மாற்றுவது, ஒரு மடையில் உடைப்பை அடைத்துவிட்டு ஏரிக்கரை முழுவதும் பலமாகிவிட்டதாக நினைப்பது போல. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை உள்ள பைப் முழுவதையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். வாசகரின் வண்டியில் உள்ள செம்புக் குழாய் ஒட்டு உடனே கழற்ற வேண்டிய ஒன்று. ஃபிரிட்ஜ் வேலைக்கான செம்பு, அதிர்வு பட்டுப் பட்டு இறுகி ஒரு நாள் வெடிக்கும். பிரேக்குக்கென்று வரும் எஃகுப் பைப், அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பைப்தான் பொருத்தம். முனையை இரட்டை மடிப்பாக, டபுள் ஃப்ளேர் ஆக அடித்திருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தில் கீறிவிடும். வீட்டில் ஃப்ளேர் கருவி இல்லாதவர்கள் பழைய பைப்பை மாதிரிக்குக் கொடுத்து, அடித்து வாங்கிவருவதே நல்லது. நட்டைக் கழற்றச் சாதாரண ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும். பைப் நுழைய வாய் விட்டிருக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் கடையில் கிடைக்கிறது. முதல் நாள் இரவே துரு நீக்கி எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆயில் விஷயத்தில்தான் கிராமத்தில் அதிகத் தவறு நடக்கிறது. பிரேக் ஆயில் என்பது பெயருக்குத்தான் ஆயில். அது கிளைகால் வகைத் திரவம். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றினால், வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். பிறகு ரப்பர் பாகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பாட்டிலில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எது எழுதியிருக்கிறதோ அது. டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரைக்கு. அதனால் திறந்து வைத்த பழைய பாட்டிலும் வேண்டாம், இரண்டு வருடத்துக்கு மேல் வண்டியில் கிடந்த ஆயிலும் வேண்டாம். ஒரு லிட்டர் வாங்கினால் முழு வேலைக்கும் தாராளம்.

இனி ஏர் எடுப்பது. போர்வெல் மோட்டார் போட்டதும் குழாயில் முதலில் காற்று இருமிக்கொண்டு வந்து, பிறகுதான் தண்ணீர் சீராகக் கொட்டும். பிரேக்கிலும் அதுதான் நடக்க வேண்டும். திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். உள்ளே குமிழி இருந்தால் காலின் பலம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பஞ்சு மாதிரி இறங்குவது அதனால்.

டிரம் பிரேக் உள்ள வண்டியில் முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்: சக்கரம் லேசாக உரசும் வரை இறுக்கி, உரசல் போகும் அளவு தளர்த்துவது. இதைச் செய்யாமல் எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் கீழேதான் நிற்கும். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம் என்பதால் இந்த மாதிரி ஜீப்பில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வரிசை. நிப்பிளில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, அதன் மறுமுனை கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

வேலைக்கு இரண்டு பேர் தேவை. அப்பா கீழே, மகன் பெடலில் என்று வைத்துக்கொள்வோம். "மிதி" என்றதும் மகன் மெதுவாக மிதித்துப் பிடிக்க, அப்பா நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்கிறார். பெடல் கீழே போகும்போது, "இறங்கிடுச்சு நைனா" என்று மகன் குரல் கொடுக்க வேண்டும், காலை எடுக்கக் கூடாது. அப்பா நிப்பிளை மூடி, "விடு" என்ற பிறகே கால் மேலே வர வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். வீட்டில் செய்கிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை அமுக்காமல், அடியில் ஒரு கட்டை வைத்துப் பாதி தூரத்தில் நிறுத்துவது நல்லது. வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் ரப்பர் உரசினால் கிழியும். ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை மேல் கப்பில் ஆயில் ஊற்ற வேண்டும். கப் காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குமிழி நின்ற பிறகும் பெடல் சரியில்லையா? இறங்கும் விதமே காரணத்தைச் சொல்லும். இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளி. அடித்த பிறகும் ரப்பர் பந்து மாதிரி குதித்தால் இன்னும் காற்று இருக்கிறது. கெட்டியாக நின்று, காலை அழுத்தியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. வெளியே ஈரம் தெரியாமல் பெடல் இறங்கினால் இரண்டாவதுதான்.

அந்த மூடியைத் திறக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே ஒரே அறைதான் என்றால் அது ஒற்றை வழிப் பிரேக். எங்கே ஒரு பைப் விட்டாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து போகும். வாசகருக்கு நடந்தது இதுவே. இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கும். இவ்வளவு செலவு செய்யும்போது, அந்த வண்டிக்குக் கம்பெனி வெளியிட்ட இரட்டை அறை வகை பொருந்துமா என்று விசாரித்துவிடுவது நல்லது. புதிய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: சில மாடல்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வுக்குப் போகும். சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். வண்டியை உயர்த்தினால், மூட்டை ஏற்றியிருந்தாலும் அந்த வால்வு காலி வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

வேலை முடிந்ததும் ஒருவர் ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் நிலத்துக்குள் நடை வேகத்தில். வடித்த பழைய ஆயிலைத் தோட்டத்தில் ஊற்றவோ குளிர்பானப் பாட்டிலில் வைக்கவோ கூடாது. ஆடு மாடு நக்கினாலும் பிள்ளைகள் குடித்தாலும் விஷம்.

உயர்த்தியது பற்றி வாசகர் கேட்கவில்லை; சொல்லாமலும் விட முடியாது. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். பெரிய டயர் எடையும் சுற்றளவும் கூடியது என்பதால், பிரேக் முழுவதும் புதிதானாலும் வண்டி நிற்க முன்பைவிடத் தூரம் எடுக்கும். பிள்ளைகளும் கூலிப் பெண்களும் ஏறும் வண்டி இது. சேற்றுக்கு டிராக்டரை அனுப்பிவிட்டு, ஜீப்பைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவது நல்லது. அப்படிச் செய்தால் ஹோஸும் கம்பெனி அளவிலேயே கிடைக்கும்.

கேள்வி: டிராக்டருக்கும் இப்படி ஏர் எடுக்க வேண்டுமா?
– வாசகர், ஊத்துக்கோட்டை.

பதில்: பழைய டிராக்டர்கள் பலவற்றில் பெடலிலிருந்து பிரேக் வரை இரும்புக் கம்பிதான், அதில் ஏர் எடுக்க ஒன்றுமில்லை, கம்பி நீளத்தை இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் போதும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள மாடலில் எந்த ஆயில் என்பது கையேட்டைப் பார்த்துத்தான். சில கம்பெனிகள் கிளைகாலுக்குப் பதில் கனிம எண்ணெய் கேட்கும். இடது வலது பெடல்களைச் சேர்க்கும் கொக்கியை உழவு முடிந்து ரோட்டில் ஏறும் முன் மாட்டிவிட வேண்டும். டிரெய்லரில் நெல் மூட்டையோடு வேகமாகப் போகும்போது ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால், டிராக்டர் அந்தப் பக்கமே திரும்பிக் கவிழும்.